முதல் ஆணியில் தொங்கிய சாவி

அன்று அந்தக் கிடங்கில் இருந்தவர்கள் ஐந்து பேர். லாரி ஓட்டும் சகலைகள் இருவர்: அக்காவைக் கட்டிய மூத்தவர், தங்கையைக் கட்டிய இளையவர். கொட்டாவி என்று பெயர் வாங்கிய இன்னொரு டிரைவர். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வண்டிச் சாவிகளை வாங்கி வைக்கும் சாவியம்மா. சரக்கை ஃபோர்க்லிஃப்டில் எடுத்து வண்டிக்குள் அடுக்குகிறவர். அவரை எல்லோரும் தூக்கி என்பார்கள். ஆறாவது ஆள் கிடையாது. பிற்பாடு இந்த விஷயத்துக்குக் கை கால் வைத்துப் பேசியவர்களில் ஒருவர்கூட அந்த வாசலை மிதித்தவர் இல்லை. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்தக் கிடங்கில் வேலை நடக்கும் விதம் இது. டிரைவர் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு ஜன்னலில் சாவியைக் கொடுப்பார். டிரைவர்கள் காத்திருக்கும் அறையின் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. அதில் வரிசையாக ஆணிகள். சாவியம்மா வெளியே வந்து சாவியை ஓர் ஆணியில் மாட்டுவார். முதல் ஆணியில் தொங்கும் சாவிக்கு முதல் லோடு, இரண்டாவதற்கு அடுத்த லோடு. "என் முறை எப்போ, என் முறை எப்போ" என்று ஆளாளுக்கு ஜன்னலைத் தட்டி அவர் பிராணனை வாங்கக் கூடாது என்பதற்காகத்தான் பலகையைக் கண்ணுக்கு எதிரே வைத்திருந்தார். கைக்கு எட்டும் உயரம்தான். ஆனாலும் இன்னொருவர் சாவியை எந்த டிரைவரும் தொட்டது கிடையாது. எழுதி ஒட்டாத சட்டம் அது. அடுத்தவன் தட்டில் கை வைக்கக் கூடாது என்று யாராவது எழுதியா ஒட்டுகிறார்கள்?

மூத்தவர் வெயில் ஏறும் முன்பே வந்துவிட்டார். சாவி முதல் ஆணியில் ஏறியது. அவர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். அவர் எங்கேயும் முதுகு சாய்ந்து உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. நாற்காலிகளைத் தரையோடு சேர்த்துத் திருகியிருந்தார்கள். மூலையில் ஒரு தண்ணீர் இயந்திரம். தண்ணீர் இருந்தது, காகித டம்ளர் தீர்ந்து பல நாள் ஆகியிருந்தது. கழிப்பறைக் கதவில் 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று ஒட்டியிருந்தது. டிரைவர்கள் ஊழியர்கள் இல்லையாம்.

வண்டி ஓட்டினால் தூரமாவது குறையும். காத்திருந்தால் எதுவும் குறையாது. சரக்கு உள்ளே அடுக்கித்தான் இருந்தது. வண்டி வெளியே நின்றுதான் இருந்தது. நடுவில் இருந்த கதவு மட்டும் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "சொல்லி அனுப்புவாங்க" என்பார்கள். யார் சொல்லி அனுப்புவார்கள் என்பது அந்த ஆண்டவனுக்கே தெரியாது.

வேறொரு நாளாக இருந்தால் மூத்தவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அன்று சாயங்காலம் அவர் வீட்டில் இருந்தாக வேண்டும். மகளைக் கட்டப்போகும் பையனின் பெற்றோர் முதன்முறையாக வருகிறார்கள்; கல்யாண நாளை அன்றே முடிவு செய்வதாகப் பேச்சு. பெண்ணைப் பெற்றவன் வாசலில் நின்று வாங்க என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் வேறொருவன் நிற்கக் கூடாது.

அந்த வேறொருவன் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மகள் ஒரு பையனை விரும்புகிறாள் என்ற செய்தி பெற்ற தகப்பனுக்கு வந்த வழி இது. இளையவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். பலகாரத்தை ஒரு கை பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, பாப்பா ஒரு பையனைப் பார்த்து வெச்சிருக்கு. தங்கமான பையன். நான் விசாரிச்சுட்டேன்" என்றார். பையனில் குறை ஒன்றும் இல்லை. மூத்தவர் சம்மதமும் சொல்லிவிட்டார். ஆனால் 'நான் விசாரிச்சுட்டேன்' என்ற அந்த வார்த்தை மீன் முள் போலத் தொண்டையிலேயே நின்றது. பெற்றவன் இங்கே கல் மாதிரி உட்கார்ந்திருக்க, மனசில் இருப்பதைச் சித்தப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். விசாரித்தவனும் அவன். தகவல் கொண்டுவந்தவனும் அவன். தாலி கட்டும் மேடையில் தானமாகக் கொடுப்பதையும் அவனே செய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று மனைவியிடம் அன்றைக்கே சொன்னார்.

"அவர் உங்க சகலை, சக்களத்தி இல்ல" என்றாள் மனைவி.

வெயில் நன்றாக ஏறிய பிறகு இளையவர் வந்தார். அவர் வருவது முதலில் சிரிப்புச் சத்தத்தில்தான் தெரியும். ஆள் பிறகுதான் வருவார். போனில் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்து, தூக்கியின் முதுகில் தட்டி, தனக்குச் சற்றுப் பின்னால் வந்த கொட்டாவிக்குக் கையாட்டிவிட்டு, நேராக ஜன்னலுக்குப் போனார். குனிந்து சாவியம்மாவிடம் பேச ஆரம்பித்தார். மூத்தவர் அந்த அம்மாவிடம் இத்தனை வருடத்தில் பேசியது மொத்தமும் சேர்த்தால் ஒரு தபால் அட்டைக்குள் அடங்கும். இளையவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா தலையை ஆட்டினார். பிறகு மூத்தவர் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு வெளியே வந்தார்.

வந்தவர் முதல் ஆணியில் இருந்த மூத்தவரின் சாவியைக் கழற்றி இரண்டாவது ஆணியில் மாட்டினார். முதல் ஆணியில் இளையவரின் சாவியை மாட்டினார். ஒன்றும் நடக்காதது போல உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

மூத்தவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய், "ஏம்மா, என் சாவியை ஏன் மாத்தினே?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. கேட்டால் இறங்கிப்போனது மாதிரி ஆகும் என்று நினைத்தார். நினைத்தவர் முதுகை இன்னும் நேராக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

கொட்டாவி வாயைக் கிழித்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டுச் சொன்னார்: "என்ன சார், உங்க சாவிக்குக் கால் முளைச்சிடுச்சு போல?"

"அவங்க அவங்க முறை வரும்போது வரும்."

"வரும் வரும். முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. எனக்கென்ன, நான் மூணாவது ஆணி. எனக்கு முன்னாடி யார் இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்."

இளையவர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னண்ணே, எதாவது சாப்பிட்டீங்களா?"

"ம்."

"சாயங்காலத்துக்கு அந்த நீலச் சட்டையைப் போட்டுக்குங்கண்ணே. அதுதான் அப்பாவுக்கு எடுப்பா இருக்கும்னு பாப்பா சொல்லிக்கிட்டு இருந்தா."

"எனக்கு எதைப் போடணும்னு தெரியும்."

"தெரியும்ணே, தெரியாமயா. சொன்னேன்." இளையவருக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை. எருமை மேல் மழை பெய்த மாதிரி எழுந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வண்டி நிழலுக்குப் போனார். திறந்திருந்த கதவு வழியாக அவர் குரல் வந்தது. "பாப்பா" என்று ஆரம்பித்தார். நடுவில் சிரித்தார். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே, சரியா?" என்று முடித்தார்.

அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே.

உலகத்தில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லலாம், அப்பாவைத் தவிர. மூத்தவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குள் ஒரு படம் ஓட ஆரம்பித்தது. அவன் முதலில் லோடு ஏற்றுவான். முதலில் இறக்குவான். முதலில் வீட்டுக்குப் போவான். குளித்து முழுகி, அவருடைய வாசலில் நின்று பையன் வீட்டாரை வாங்க வாங்க என்பான். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ஜோக் அடிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நாள் குறித்து முடித்து அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது பெண்ணைப் பெற்றவர் அழுக்குச் சட்டையோடு உள்ளே நுழைவார். "இவர்தான் பாப்பாவோட அப்பா" என்று அவனே அறிமுகமும் செய்துவைப்பான்.

சாப்பாட்டு வேளைக்குச் சாவியம்மா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். போகும்போது தூக்கியிடம், "கதவு காலியானா அடுத்த சாவியைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். தூக்கி உள்ளே வேலையாக இருந்தார். இளையவர் வெளியே டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாவி முகத்தின் மேல் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

மூத்தவர் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்தார். பலகையைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் போயின. கிணுங் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். முதல் ஆணியில் அவர் சாவி. இரண்டாவதில் சகலையின் சாவி. டம்ளர் இல்லாத இயந்திரத்துக்கு எதிரே சற்று நேரம் நின்றார். உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார். திரும்பி வந்து, முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் அடுத்தவர் பொருளைத் தொட்டதில்லை. அவரே அதைப் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பவர்.

கொஞ்ச நேரத்தில் தூக்கி வந்தார். காதை மூடும் பட்டையைக் கழுத்தில் இறக்கிக்கொண்டு, முதல் ஆணியிலிருந்த சாவியை எடுத்து வண்டி எண்ணைப் படித்தார். அது மூத்தவரின் எண். மூத்தவர் சாவியை வாங்கிக்கொண்டு நிதானமாக நடந்தார். ஓடவில்லை. தன் முறை தனக்கு வந்தவன் எதற்கு ஓட வேண்டும்? வண்டியில் ஏறி, ஒரே மூச்சில், ஒரு சாண் விலகாமல் கதவோடு கதவு பொருந்த ரிவர்ஸ் எடுத்தார். அவர் கை அப்படி. அந்தக் கையைப் பற்றி மட்டும் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

கண்ணாடியில் இளையவர் தெரிந்தார். முதலில் வாய் பிளந்து நின்றார். பிறகு அறைக்குள் ஓடிப் பலகையைப் பார்த்தார். பிறகு வண்டியை நோக்கி ஓடிவந்தார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லாததை மூத்தவர் அன்றுதான் பார்த்தார். வெல்லக்கட்டியை வாயில் போட்டது போல இருந்தது.

"அண்ணே! அண்ணே, கொஞ்சம் இறங்கி வாங்க. ஒரு வார்த்தை!"

மூத்தவர் நேராகப் பார்த்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். மூடிய கண்ணாடிக்கு வெளியே இளையவரின் வாய் அசைந்தது. கை அசைந்தது. கண்ணாடியைத் தட்டினார். இதுவரை எத்தனை பேர் இவன் பேச்சில் மயங்கியிருக்கிறார்கள், இன்றைக்கு ஒரு கண்ணாடி இவன் வாயை அடைத்துவிட்டது என்று மூத்தவர் நினைத்துக்கொண்டார். இளையவர் தூக்கியிடம் ஓடினார். தூக்கியின் காதில் பட்டை ஏறியிருந்தது. "அம்மா வரட்டும், அம்மாகிட்ட பேசிக்குங்க" என்று கையைக் காட்டிவிட்டு அவர் வேலையில் இறங்கிவிட்டார்.

வண்டி ஆட ஆரம்பித்தது. லாரி ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியும். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே ஏறும்போது வண்டி பின்பக்கம் ஒருமுறை தாழும். சுமையை இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஒருமுறை நிமிரும். டிரைவர் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உடம்பு சொல்லிவிடும். வேறு நாளில் அது அலுப்பூட்டும் ஆட்டம். அன்று மூத்தவருக்கு அது தொட்டில். ஒவ்வொரு தாழ்வுக்கும் மனசு ஒரு படி ஏறியது. பக்கத்தில், ஆடாமல் அசையாமல், இளையவரின் வண்டி நின்றது. ஆடாத வண்டியைப் பார்த்துக்கொண்டு ஆடுகிற வண்டியில் உட்கார்ந்திருப்பதில் அப்படி ஒரு சுகம்.

ஆட்டம் நின்றது. கதவு மூடும் சத்தம். தூக்கி பூட்டின் மேல் சீல் வைத்துவிட்டு, லோடு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அந்தக் கிடங்கில் சரக்கு எங்கே போகிறது என்பது சீட்டு கைக்கு வந்த பிறகுதான் டிரைவருக்குத் தெரியும். பெரும்பாலும் பக்கத்து நகரத்து டிப்போதான். அதனால் யாரும் கேட்பதும் இல்லை.

சீட்டில் இருந்தது டிப்போ இல்லை, துறைமுகம். இன்றைக்குப் புறப்பட்டால் நாளை மறுநாள் திரும்பலாம். அதுவும் அங்கே காக்க வைக்காமல் இருந்தால்.

மூத்தவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தார். துறைமுகம்தான்.

இறங்கி அறைக்கு வந்தபோது சாவியம்மா திரும்பி வந்திருந்தார். இளையவர் பக்கத்தில் நின்றிருந்தார். அந்த அம்மா தூக்கியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"எந்த ஆணியில இருந்து எடுத்தே?"

"முதல் ஆணிம்மா. நீங்க சொன்ன மாதிரிதான்."

"முதல் ஆணியில நான் மாட்டினது இவர் சாவியை. என் கையால மாட்டினேன். உனக்குக் கண்ணு எங்க போச்சு? போன மாசமும் இதே மாதிரி லோடை மாத்தி ஏத்தினே. இந்தத் தடவை மேல எழுதிப் போட்டாங்கன்னா உன் வேலை நிக்காது, தெரியுமில்ல?" பிறகு மூத்தவரைப் பார்த்து, "ஐயோ, உங்களுக்குன்னுதான் இவ்வளவும் பண்ணினேன் சார். துறைமுகத்து லோடு முதல்ல நிக்குது, உங்க சாவி முதல் ஆணியில இருக்குது. உங்க தம்பி வந்து, எந்த லோடுன்னு என்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அண்ணன் சாயங்காலம் வீட்ல இருந்தாகணும், அந்தத் தூரத்து லோடை எனக்குப் போடுங்க, கிட்டத்து லோடை அவருக்குப் போடுங்கன்னு கெஞ்சினார். அதான் மாத்தி மாட்டினேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு வேற சொன்னார். சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்களாம்."

தூக்கி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பலகையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

கொட்டாவி நாற்காலியில் எழுந்து உட்கார்ந்திருந்தார். செய்தித்தாள் மடியில் கிடந்தது. அதற்கு நடுவில் ஒரு கிழிசல் இருந்தது. அவர் கொட்டாவி விடவில்லை. மூத்தவரை மட்டும் பார்த்தார்.

மூத்தவருக்கு அந்த நேரத்தில் முதலில் வந்தது வெட்கம் என்று சொன்னால் அது பொய். முதலில் வந்ததும் பொறாமைதான். நல்லவனாக இருப்பதிலும் அவன்தான் முந்திக்கொண்டானா என்றுதான் தோன்றியது. வெட்கம் அதற்குப் பின்னால், மெதுவாக, வரிசையில் நின்று வந்தது.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா" என்றார். "அவர் ஆணியில இருந்ததைத்தான் எடுத்தார். சாவியை மாத்தினது நான்."

 சாவியம்மா பலகையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். இன்னொருவர் சாவியைத் தொட்ட டிரைவரை அந்த அம்மா அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். "நீங்களா சார்?" என்றார். அந்த 'நீங்களா' போதும். அதற்கு மேல் திட்டத் தேவையில்லை.

இளையவர்தான் பேசினார். "சொல்லத்தானேண்ணே ஓடிவந்தேன். நீங்க பாட்டுக்குக் கண்ணாடியை ஏத்திட்டீங்க. வெளியில நின்னு ஊமைப் படம் மாதிரி ஆடிக்கிட்டு இருந்தேன்."

"நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா, 'உன் பிச்சை எனக்கு வேணாம்'னு துறைமுகத்துக்கே போயிருப்பீங்க."

அது உண்மை என்று மூத்தவருக்கே தெரியும்.

"இப்போ சீலை உடைச்சு இறக்கலாமா?" என்று இளையவர் கேட்டார். தூக்கி முடியாது என்று தலையை ஆட்டினார். சீல் வைத்ததை உடைத்தால் மேலிடத்து அனுமதி வேண்டும், அது வந்து, மறுபடி முதலிலிருந்து ஏற்ற நாளைக்கு ஆகும்.

"அப்போ ஒண்ணே ஒண்ணுதான் வழி" என்றார் இளையவர். சொல்வதற்கு முன் அவரே ஒரு நிமிடம் தயங்கினார். "உங்க வண்டியை நான் எடுத்துக்கிட்டுப் போறேன். என் வண்டியில டிப்போ லோடை ஏத்தி நீங்க கொண்டுபோய் இறக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

மூத்தவரின் வண்டியில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்தது கிடையாது. மெக்கானிக் வந்தால்கூட அவர் பக்கத்திலேயே நிற்பார். வேலை முடிந்ததும் சீட்டைத் துடைப்பார். சீட்டின் மேல் நாலாக மடித்த ஒரு வெள்ளைத் துண்டு எப்போதும் இருக்கும். கட்டிய மனைவியே பக்கத்து சீட்டில்தான். சகலை ஒருமுறை வேடிக்கையாக ஸ்டியரிங்கைத் தொட்டதற்கு இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது ஒன்று வீட்டில் இருக்கும் நாற்காலியை அவனுக்கு விட வேண்டும், இல்லை வண்டியில் இருக்கும் சீட்டை விட வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழியை அவரே தன் இரண்டு கைகளாலும் மாற்றி மாட்டிவிட்டார்.

 மூத்தவர் தன் வண்டிச் சாவியை நீட்டினார்.

"செகண்ட் கியர் கொஞ்சம் மக்கர் பண்ணும். அதட்டாதே. பதமாப் போடு."

"சரிண்ணே."

"துண்டு மேலயே உட்காரு. எடுத்துடாதே."

"சரிண்ணே."

தன் வண்டி வாசலைத் தாண்டி வெளியே போவதை மூத்தவர் வாழ்க்கையில் முதன்முதலாக வெளியே நின்று பார்த்தார். பின்பக்கம் இவ்வளவு அழுக்காக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

இளையவரின் வண்டிக்கு லோடு ஏறியபோது மூத்தவர் அதன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரே பிஸ்கட் தூள். காலுக்கடியில் காலித் தண்ணீர் பாட்டில்கள். இது வண்டியா, எலி வளையா என்று முணுமுணுத்தார். அப்போதுதான் ஸ்டியரிங்குக்கு மேலே, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார். ஓரமெல்லாம் பழுப்பேறிய, குழந்தை கிறுக்கிய கலர் பென்சில் படம். ஒரு லாரி. உள்ளே ஒரு தலை. கீழே மகளின் பெயர், அவள் எழுத்துப் பழகிய காலத்துக் கோணல் கையெழுத்தில்.

இவனுக்கு இதையும் போட்டுக் கொடுத்திருக்கிறாளா என்று மறுபடியும் பொறாமை பற்றியது. வண்டி ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். லாரியின் முன்னால் குழந்தை ஓர் எண்ணை எழுதியிருந்தது. அது இளையவர் வண்டியின் எண் இல்லை. அவருடையது. உள்ளே இருந்த தலைக்கு முதுகு ஒரு கோடு போல நேராக இருந்தது.

அப்போது நினைவு வந்தது. அவள் இதை அவரிடம்தான் முதலில் கொண்டுவந்தாள். 'வண்டியில கண்டதையும் ஒட்டக் கூடாது, பசை போகாது' என்று அவர்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த இளையவர், 'எனக்குக் கொடு பாப்பா, என் வண்டி ஏற்கெனவே குப்பைதான்' என்று வாங்கிக்கொண்டார். வண்டி தாழ்ந்தது, நிமிர்ந்தது, தாழ்ந்தது. அந்த ஆட்டத்தில் தொட்டில் சுகம் ஒன்றும் இல்லை.

டிப்போவில் ஆச்சரியமாகக் காக்க வைக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய்க் குளித்து, நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. வாங்க என்றார். உட்காருங்க என்றார். தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். எல்லாம் அவர் ஆசைப்பட்ட மாதிரியே நடந்தது.

பையனின் அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். "சித்தப்பாவைக் காணோமே? எங்க வீட்ல எப்பப் பார்த்தாலும் அவரைப் பத்திதான் பேச்சு. அவரைப் பார்க்கத்தான் பாதி வந்தோம்."

மகள் வாயைத் திறந்து, அப்பாவைப் பார்த்து, மூடிக்கொண்டாள். இளையவரின் மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவருக்கென்ன. வீட்ல ஒரு நல்லது நடந்தாலும் நடக்காட்டியும் ரோடு கூப்பிட்டாப் போதும். அக்கா பொண்ணு கல்யாணத்தை விட லோடு பெருசாப் போச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. பையனின் அம்மா, "அப்படியா" என்று இழுத்தார். அந்த 'அப்படியா'வில் இளையவரின் மதிப்பு ஒரு படி இறங்கியது எல்லோருக்கும் கேட்டது.

மூத்தவருக்கும் கேட்டது. இத்தனை நாள் அவர் ஏங்கிய சத்தம் அதுதான். பேசாமல் இருந்தால் போதும். ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை.

தொண்டையைச் செருமினார்.

"அவன் மேல தப்பில்லை. தூரத்து லோடு இன்னைக்கு எனக்குத்தான் வந்தது. நான் இங்க இருக்கணும்னு அவன் அதைக் கேட்டு வாங்கிக்கிட்டான். அது தெரியாம, அவன் என்னை முந்தப் பார்க்கிறான்னு நினைச்சு, நான் அவன் சாவியை எடுத்து மாத்தி மாட்டினேன். இப்போ என் வண்டியைத்தான் அவன் ஓட்டிக்கிட்டுப் போறான்."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். புதிதாக வந்தவர்கள் முன்னால் இப்படியா என்று அவள் முகம் கேட்டது. இளையவரின் மனைவி தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். பையனின் அப்பா அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் ஒரு சகலை இருக்கான். அவன் கார் வாங்கின அன்னைக்கு நான் மூணு நாள் சாப்பிடலை."

"மூணு நாளா? ஒரு வாரம்" என்றார் பையனின் அம்மா.

வீடு சிரித்தது. மகள் போனைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நடுவில் வைத்தாள். வண்டிச் சத்தத்துக்கு நடுவில் இளையவரின் குரல் வந்தது. "எல்லாரும் வந்தாச்சா? அண்ணே, நீலச் சட்டைதானே? ஒரு விஷயம் சொல்லணும். உங்க சீட்டு ரொம்பப் பின்னாடி இருக்கு, எனக்குக் கால் எட்டலை. கொஞ்சம் முன்னாடி இழுத்துக்கிட்டேன்."

மூத்தவரின் முதுகு விறைத்தது. அந்த சீட்டு அந்த இடத்திலிருந்து அசைந்ததே இல்லை. "துண்டு?" என்றார்.

"மேலதாண்ணே உட்கார்ந்திருக்கேன்."

நாள் பற்றிய பேச்சு வந்தது. பையனின் அம்மா இரண்டு தேதிகள் சொன்னார். மகள், "சித்தப்பாவுக்கு எந்தத் தேதியில லோடு இல்லைன்னு கேட்டுட்டு வெச்சுக்கலாமே" என்றாள். அப்பாவுக்கு எது வசதி என்று அவள் கேட்கவில்லை. மூத்தவருக்குள் பழைய பொறாமை தலையைத் தூக்கியது. போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வருகிற நோய் அது. ஒரு நாளில் போகாது.

"கேளு" என்றார். "அவனை முதல்ல கேளு. அப்புறம் நான் சொல்றேன்."

கல்யாணம் நல்லபடி நடந்தது. சகலைகள் அன்று கிடங்கில் அடித்துக்கொண்டார்கள் என்றும், மூத்தவரின் வண்டியை இளையவர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் என்றும், அதனால்தான் அவர் நாள் குறிக்க வரவில்லை என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. யாரும் பிடுங்கவில்லை. சாவியை மூத்தவர் தன் கையால் கொடுத்தார்.